அழிய மறுக்கும் ஃபோல்டர்: காரணம் கண்டு நீக்க முழுமையான வழிகாட்டி

ஃபோல்டரைத் தேர்ந்து டெலீட் தட்டுகிறீர்கள். பெட்டி ஒன்று வந்து முடியாது என்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி மறுபடி தட்டுவதோ, 'எதையும் அழிக்கும்' மென்பொருளைத் தேடி இறக்குவதோ வேண்டாம். அந்தப் பெட்டியில் இருக்கும் இரண்டு வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஃபோல்டர் அழியாமல் நிற்க ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பெயரில் இருக்கும் சிக்கலுக்கு அனுமதிகளை மாற்றிக்கொண்டிருந்தால் நேரம் வீணாவது மட்டுமல்ல, டிரைவின் பாதுகாப்பு அமைப்பும் கலைந்துபோகும்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும், என்டிஎஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் முறை) முறையில் அமைந்த டிரைவுகளுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும். 'டி' என்றால் ஆங்கிலத்தின் 4ஆம் எழுத்து, 'டீ' என்றால் 20ஆம் எழுத்து. கட்டளைகளை நிர்வாகி உரிமையோடுதான் இயக்க வேண்டும்: ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று தேடி, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள்.

செய்தியைப் படித்துப் பிரிப்பது

'ஃபோல்டர் இன் யூஸ்', 'ஃபைல் இன் யூஸ்' என்று வந்தாலோ, பிழை எண்ணின் கடைசி 80070020 என்று இருந்தாலோ, ஏதோ ஒரு நிரல் உள்ளே இருக்கும் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. 'ஃபோல்டர் அக்சஸ் டினைடு', 'யூ நீட் பர்மிஷன்' அல்லது 80070005 என்றால் அனுமதி இல்லை. 'குட் நாட் ஃபைண்ட் திஸ் ஐட்டம்' என்று வந்தால், கண்முன்னே இருக்கும் ஃபோல்டரை இல்லை என்கிறதே என்று குழம்பாதீர்கள், பெயரில் கோளாறு. 'பாத் டூ லாங்' என்றால் முகவரி நீளம். 'டைரக்டரி இஸ் நாட் எம்ப்டி', அதாவது 80070091, உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதைச் சொல்கிறது. 'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்', அதாவது 80070570 வந்தால் மற்ற எதையும் செய்யாமல் நேராக டிஸ்க் பழுது பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அழிக்கக்கூடாதவை

சில ஃபோல்டர்கள் அழியாமல் இருப்பதுதான் சரி. 'விண்டோஸ்', 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்', 'ப்ரோகிராம் டேட்டா', 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றின் அனுமதிகளில் கை வைக்காதீர்கள். சி டிரைவில் மறைந்திருக்கும் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' உண்மையில் ஃபோல்டரே அல்ல. 'யூசர்ஸ்' ஃபோல்டரைக் காட்டும் வெறும் சுட்டி; இதற்கு ஜங்ஷன் என்று பெயர். பழைய நிரல்களுக்காக வைக்கப்பட்டது. அதைத் திறந்தால் அனுமதி மறுக்கப்படுவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

இடம் அடைக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரைக் கையால் அழிக்கப் போராட வேண்டியதில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்பதைத் தேர்ந்து நீக்கினால் போதும். விட்டுவிட்டாலும் வழக்கமாக 10 நாட்களில் அதுவே போய்விடும். 'விண்டோஸ் ஆப்ஸ்' ஃபோல்டரில் இருப்பவற்றைச் செட்டிங்ஸில் அந்தந்தச் செயலியை அன்இன்ஸ்டால் செய்துதான் எடுக்க வேண்டும். நீக்கிய பிறகும் மிஞ்சி நிற்கும் ஆன்டிவைரஸ் ஃபோல்டர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது; அதைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவிதான் அதற்கு வழி.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை மூலம் அழிக்கும் எதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. எந்தக் கட்டளையையும் என்டர் தட்டுமுன் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

ஏதோ ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும்போது

பெரும்பாலான சிக்கல் இதுதான். விண்டோஸில் ஒரு நிரல் ஃபைலைத் திறக்கும்போதே, தான் முடிக்கும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அழிக்கலாம் என்று சொல்லாவிட்டால், அந்த நிரல் மூடும்வரை நிர்வாகியாலும் அதை அழிக்க முடியாது. திறந்திருக்கும் அந்தப் பிடிக்கு ஹேண்டில் என்று பெயர். ஒரே ஒரு ஃபைலின்மேல் ஹேண்டில் இருந்தாலும் அதைச் சுமக்கும் மேல் ஃபோல்டர்கள் எல்லாமே அழியாது.

யார் பிடித்திருக்கக்கூடும்? அந்த ஃபோல்டருக்குள் போய் நிற்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் சன்னலை முதலில் பாருங்கள். அதில் எந்த ஃபைலும் திறந்திருக்காது. ஆனால் தான் நிற்கும் ஃபோல்டரை அது விடாது. நிரல் எழுதும் எடிட்டர்களின் உள்ளேயே இருக்கும் டெர்மினலும் அப்படித்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரே சிலசமயம் குற்றவாளி: வலப்பக்க முன்னோட்டப் பலகம் ஒரு பிடிஎஃப்பையோ வீடியோவையோ திறந்து வைத்திருக்கும். ஆல்ட்டும் பீயும் சேர்த்துத் தட்டினால் பலகம் மூடும். நெட்வொர்க் ஃபோல்டர்களில் சிறுபடங்களைச் சேமிக்கும் 'தம்ப்ஸ்.டிபி' ஃபைலும் இதே தொல்லையைத் தரும். தேடல் அட்டவணை, ஆன்டிவைரஸ் சோதனை, மேகச் சேமிப்பின் சிங்க் ஆகியவை கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் தாமாகவே விடும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

ஊகிப்பதைவிடக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறங்கள். சிபியு தாவலில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பட்டைக்குப் பக்கத்தில் தேடும் பெட்டி இருக்கிறது. ஃபோல்டரின் பெயரில் ஒரு பகுதியை அதில் இடுங்கள். பிடித்திருக்கும் நிரல்களின் பெயரும் எண்ணும் சில நொடிகளில் வரிசையாக வரும். முதலில் அந்த நிரலின் சன்னலை முறையாக மூடிப் பாருங்கள். சன்னலே இல்லாமல் பின்னணியில் ஓடுகிறது என்றால் அதன்மேல் வலது கிளிக் செய்து 'எண்ட் ப்ராசஸ்' கொடுக்கலாம். சேமிக்காத வேலை அதில் இருந்தால் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் உள்ள 'ஃபைல் லாக்ஸ்மித்' இதையே இன்னும் எளிதாக்குகிறது. ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்தால் அதன் பெயர் மெனுவிலேயே வரும். அங்கே எதுவும் தெரியவில்லை என்றால், நிர்வாகி உரிமையோடு மறுபடி தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள்; மற்ற பயனர்களின் நிரல்களும் சேவைகளும் அப்போதுதான் தெரியும்.

'ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற கருவியில், நிரலை விட்டுவிட்டு அதன் ஹேண்டிலை மட்டும் பிடுங்கி மூடும் வசதி இருக்கிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது. தன் கையிலிருந்து ஃபைல் பறிக்கப்பட்டது அந்த நிரலுக்குத் தெரியாது. அதே ஹேண்டில் எண் வேறொரு ஃபைலுக்குக் கிடைத்தால், பழைய ஃபைலுக்கு எழுத வேண்டியதைப் புதிய ஃபைலில் எழுதிவிடும். நிரலையே நிறுத்துவதில் இந்த ஆபத்து இல்லை.

பிடித்திருப்பது 'எக்ஸ்ப்ளோரர்' என்று வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'சிஸ்டம்' என்று, 4 என்ற எண்ணோடு வந்தால் அதை நிறுத்த முயலாதீர்கள், முடியவும் முடியாது. நெட்வொர்க்கில் வேறொரு கணினி அந்த ஃபைலைத் திறந்திருக்கலாம், அல்லது உள்ளே ஒரு மெய்நிகர் டிஸ்க் ஃபைல் இணைக்கப்பட்டிருக்கலாம். முதல் வகைக்கு 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து, 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' என்பதன்கீழ் 'ஓபன் ஃபைல்ஸ்' பட்டியலைப் பாருங்கள். இரண்டாவதற்கு 'திஸ் பிசி'யில் கூடுதலாகத் தெரியும் டிரைவை 'இஜெக்ட்' செய்யுங்கள்.

அழித்தது போலத் தெரிந்தும் பெயர் மட்டும் அங்கேயே நிற்கும், திறந்தால் அனுமதி இல்லை என்னும் நிலையும் உண்டு. அழிக்கும் ஆணையை விண்டோஸ் ஏற்றுக்கொண்டு, கடைசி ஹேண்டில் மூடக் காத்திருக்கிறது. அனுமதிகளை மாற்றுவதால் இதற்குப் பயனில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பெயரும் போய்விடும். ரீஸ்டார்ட் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால் இயங்குதளத்தின் உட்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்.

அனுமதி மறுக்கப்படும்போது

என்டிஎஃப்எஸ் டிரைவில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளரும், யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலும் உண்டு. பட்டியலில் எழுதப்படுவது உங்கள் பெயரல்ல, 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட அடையாள எண். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் எண் புதிது. பழைய கணினியின் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டியதும் சொந்த ஃபோல்டரே உங்களை அந்நியராகப் பார்ப்பது இதனால்தான்.

உரிமையை எடுக்கும் முறை:

1. ஃபோல்டர்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி தாவல், அட்வான்ஸ்டு.
2. மேலே 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்' அழுத்தி, உங்கள் கணக்கின் பெயரை இட்டு 'செக் நேம்ஸ்' கொடுங்கள். பெயருக்கு அடிக்கோடு விழுந்தால் சரி.
3. 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' கட்டத்தை டிக் செய்து 'அப்ளை' கொடுங்கள். எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வாருங்கள்.
4. 'ஆட்' அழுத்தி, 'செலக்ட் எ பிரின்சிபல்' வழியாக உங்கள் கணக்கைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள்.
5. கீழே 'ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட் பர்மிஷன்' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து 'ஓகே'.

பலர் 3ஆம் படியோடு நிறுத்திவிட்டு, உரிமையாளரான பிறகும் அழியவில்லையே என்கிறார்கள். உரிமையாளருக்குக் கிடைப்பது அனுமதிப் பட்டியலைத் திருத்தும் உரிமை மட்டுமே. அழிக்கும் உரிமையை அவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ள வேண்டும்; அதுதான் 4ஆம் படி. பட்டியலில் 'டினை' என்ற வரி ஏதாவது இருந்தால் அதை நீக்குங்கள், அது 'அலவ்' வரியை மீறிவிடும்.

உள்ளே ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் கட்டளை விரைவு:

டேக்ஓன் /எஃப் "டி:\பழையது" /ஆர் /டி ஒய்

ஐசிஏசிஎல்எஸ் "டி:\பழையது" /ரீசெட் /டீ /சி

ஆர்டி /எஸ் /க்யூ "டி:\பழையது"

முதலாவது உரிமையை எடுக்கிறது. இரண்டாவது, குவிந்து கிடக்கும் பழைய பட்டியல்களைக் கலைத்து மேல் ஃபோல்டரின் அனுமதிகளையே கீழேயும் வரச் செய்கிறது. மூன்றாவது அழிக்கிறது. 'ஒய்' என்பது ஆங்கில விண்டோஸில் 'யெஸ்' என்பதற்கான எழுத்து. வேறு மொழி விண்டோஸில் எழுத்தும் மாறும். இந்தக் கட்டளைகளை ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள். சி டிரைவின் வேரில் கொடுத்தால் விண்டோஸை மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். உள்ளே ஜங்ஷன் ஏதும் இருந்தால் கட்டளைகள் அதன் வழியே வேறு இடத்தின் அனுமதிகளையும் மாற்றிவிடக்கூடும்; 'டைர் /ஏஎல் /எஸ்' கொடுத்துப் பார்த்து, இருந்தால் /எஸ் சேர்க்காத வெறும் 'ஆர்டி' கட்டளையால் அந்தச் சுட்டியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.

ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் 'ரீட் ஒன்லி' கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எடுக்க எடுக்கத் திரும்ப வருகிறது என்று பலர் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்தக் குறி, தோற்றம் மாற்றப்பட்ட ஃபோல்டர் என்பதை விண்டோஸ் அறிந்துகொள்ளத்தான். ஃபோல்டர் அழியாததற்குக் காரணம் அதுவல்ல.

முகவரி நீண்டுவிட்டால்

டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் முடியும்வரை மொத்தம் 260 எழுத்துகள் என்பது விண்டோஸின் பழைய எல்லை; கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அதில் சேர்த்தி. என்டிஎஃப்எஸ்ஸோ ஏறத்தாழ 32,767 எழுத்துகள்வரை ஏற்கும். இந்த இடைவெளியில்தான் சிக்கல் பிறக்கிறது: சில நிரல்கள் ஆழமான அடுக்குகளை உருவாக்கிவிடும், எக்ஸ்ப்ளோரர் அவற்றைத் தொட முடியாமல் நிற்கும். விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து எல்லையைத் தளர்த்தும் அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் அதை ஏற்கும்படி எழுதப்பட்ட நிரல்களுக்கே அது பலிக்கும்.

எளிய வழி, மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் ஓரெழுத்தாக மாற்றிக்கொண்டே இறங்குவது. நான்கைந்து அடுக்கு சுருங்கினாலே அழிந்துவிடும். அடுக்குகள் மிக அதிகம் என்றால், விண்டோஸிலேயே இருக்கும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி உதவும். டி டிரைவில் 'காலி' என்று வெறும் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிவிட்டு,

ரோபோகாப்பி "டி:\காலி" "டி:\நீளமானது" /மிர்

என்று கொடுங்கள். இரண்டாவது ஃபோல்டரை முதலாவதைப் போலவே ஆக்கு என்பது இதன் பொருள். முதலாவது காலி என்பதால் இரண்டாவதும் காலியாகும். இரண்டாவதாக எழுதும் இடத்தில் இருப்பதெல்லாம் கேள்வியின்றிப் போகும் என்பதால் அந்த முகவரியில் கவனம் தேவை. பிறகு இரண்டு வெறும் ஃபோல்டர்களையும் வழக்கம்போல் அழித்துவிடலாம்.

பெயரே தடையாக இருந்தால்

பெயரின் இறுதியில் ஒரு புள்ளியோ இடைவெளியோ இருந்தால், விண்டோஸ் அதை வெட்டிவிட்டுத் தேடுகிறது; வெட்டிய பெயரில் எதுவும் இல்லாததால் 'இல்லை' என்கிறது. லினக்ஸ், மேக் கணினிகளிலிருந்து வந்த ஃபோல்டர்களில் இது நிறைய. கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 வரையிலான பெயர்களும் டாஸ் காலத்திலிருந்து கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே, முகவரிக்கு முன்னால் \\?\ சேர்ப்பது:

ஆர்டி /எஸ் /க்யூ "\\?\டி:\படங்கள்\பழையது."

அந்த நான்கு குறிகளும் பெயரைத் திருத்தாமல் எழுதியபடியே எடுத்துக்கொள் என்று விண்டோஸுக்குச் சொல்கின்றன. முழு முகவரி தர வேண்டும், மேற்கோள் குறியும் கட்டாயம். இறுதியில் இடைவெளியா புள்ளியா, எத்தனை என்று தெரியாவிட்டால் 'டைர் /எக்ஸ்' கொடுங்கள். அந்த டிரைவில் குறும்பெயர் வசதி இயங்கினால் '~1' என்று முடியும் மாற்றுப் பெயர் தெரியும், அதைக் கொண்டே அழிக்கலாம்.

காலி இல்லை என்று சொன்னால்

காலியாகத் தெரியும் ஃபோல்டர் காலி இல்லை என்றால், மறைந்த ஃபைல் உள்ளே இருக்கிறது அல்லது அழிக்க அழிக்க யாரோ எழுதுகிறார்கள். ஒன்டிரைவ் போன்ற சிங்க் நிரலை நிறுத்திவிட்டு, அந்த ஃபோல்டரைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் சன்னல்களை மூடிவிட்டு, 'ஆர்டி /எஸ் /க்யூ' கொடுங்கள். பெரும்பாலும் இதோடு முடியும். முடியாவிட்டால் டிஸ்கைச் சந்தேகியுங்கள்.

டிஸ்க் பழுதானால்

மின்சாரம் சட்டென்று நின்றாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி டிஸ்கைப் பிடுங்கினாலோ ஃபைல் அட்டவணை குலையும். அப்போது அட்டவணையில் பெயர் இருக்கும், அது காட்டும் இடத்தில் பொருள் இருக்காது. எந்த அழிக்கும் கருவியும் இங்கே உதவாது, அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும்.

அதற்குமுன் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசக் கருவி போதும். சுழலும் ஹார்டு டிஸ்கில் 05, சி5 ஆகிய வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் மதிப்பு இருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் தேய்ந்துவருகிறது. முக்கியமானதை வேறு டிஸ்குக்கு முதலில் நகலெடுத்துவிடுங்கள். சாகும் டிஸ்கைப் பழுதுபார்க்கும் சோதனையே அதை முடித்துவிடலாம். அந்த ஃபோல்டரை அழிப்பதைவிட மற்றவற்றைக் காப்பதுதான் அவசரம்.

டிஸ்க் நலமாக இருந்தால் 'சிஎச்கேடிஎஸ்கே டி: /எஃப்' கொடுங்கள். டிரைவை 'டிஸ்மவுண்ட்' செய்யவா (தற்காலிகமாக இணைப்பிலிருந்து விடுவிக்கவா) என்று கேட்டால், திறந்திருக்கும் ஃபைல்களை மூடிவிட்டு 'ஒய்'. சி டிரைவ் என்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் செய்யவா என்று கேட்கும். /எஃப் சில நிமிடங்களில் முடிவது வழக்கம். /ஆர் கொடுத்தால் டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும், பெரிய டிஸ்கில் பல மணிநேரம் ஓடும், நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டர் தோன்றினால், அதில் இருப்பவை சிதறிக் கிடந்து மீட்கப்பட்ட துண்டுகள். தேவையில்லை என்றால் அழித்துவிடலாம்.

விண்டோஸுக்கு வெளியே போய் அழிப்பது

மேலே சொன்னவை பலிக்காதபோது சேஃப் மோடு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், வரும் பட்டியலில் 4 தட்டுங்கள். தேவையான சேவைகள் மட்டுமே அங்கே ஓடும் என்பதால், பிடித்திருந்த நிரல் எழுந்தே இருக்காது. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்டும் இருக்கிறது. அங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவுக்கு அங்கே டி என்று பெயர் வரக்கூடும், ஆகவே அழிக்குமுன் 'டைர்' கொடுத்து எது எது என்று உறுதிசெய்யுங்கள். லினக்ஸ் யுஎஸ்பியில் தொடங்கியும் அழிக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போடு மூடிய விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும் என்பதால், முன்னதாக ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுத்து முழுதாக மூடுங்கள். மேக் கணினியில் செருகிய என்டிஎஃப்எஸ் டிஸ்கில் எதுவும் அழியாமல் இருப்பது பழுதல்ல. மேக் அதைத் தானாகப் படிக்க மட்டும்தான் செய்யும்.

அழித்தது திரும்ப வந்தால்

ஃபோல்டர் அழிந்து, அடுத்த நாள் மறுபடி முளைத்தால் அழிப்பதில் பிழையில்லை, உருவாக்குபவரைத் தேட வேண்டும். மேகச் சேமிப்பில் இருந்தால் உலாவி வழியாக அந்தத் தளத்துக்குள் போய் அங்கேயும் அழியுங்கள். அதே கணக்கோடு இணைந்த இன்னொரு கணினி திருப்பி ஏற்றுகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பட்டியலிலும், 'டாஸ்க் ஷெட்யூலர்' நூலகத்திலும், ஃபோல்டர் உருவான நேரத்தை ஒட்டி ஓடிய நிரல் எது என்று தேடுங்கள். ப்ராப்பர்ட்டீஸில் 'கிரியேட்டட்' என்ற வரி நொடிவரை நேரம் காட்டும். அந்த நிரலை அன்இன்ஸ்டால் செய்தோ, அதன் அமைப்பில் சேமிக்கும் இடத்தை மாற்றியோ விட்டு, பிறகு ஃபோல்டரை அழியுங்கள்.